தராசு முள்ளிலிருந்து இலக்கத் திரைக்கு: கொழுந்து நிறுவையின் கதை

பதுளையிலிருந்து பசறை வழியாக மலையேறிச் செல்லும் பாதை மடுல்சீமையைச் சென்றடைகிறது. ரோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை என்று அங்கே அடுத்தடுத்துத் தேயிலைத் தோட்டங்கள். ஊவாத் தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் கோப்பியை அழித்த இலைநோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்புத்தளையில் தோட்டம் வாங்கிய லிப்டனைப் பற்றியும், 1924இல் பதுளையை எட்டிய ரயிலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் தொங்கிய தராசைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. தோட்டத்துப் பெண்ணின் அன்றாட வாழ்வை அந்தத் தராசுதான் ரயிலை விடவும் லிப்டனை விடவும் நெருக்கமாகத் தீர்மானித்து வந்தது.

இது தராசின் கதை. இதில் வருகின்ற முக்கிய மனிதர் ஒருவர் மலையகத்தைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் பணியாற்றிய இலத்திரனியல் பொறியியலாளர். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடர்பு நெருக்கமானது, சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

நிறுவையும் பேரும்

தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் என்பது சட்டப்படி இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொடங்கி அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் மலையில் நடைமுறை வேறு. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால் மட்டும் முழுநாள் 'பேர்' விழுந்துவிடாது. தோட்டம் அந்த நாளுக்கு நிர்ணயித்த கிலோ அளவைக் கூடை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அரைப்பேர். தாண்டினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. ஆகவே, சட்டத்தில் நாட்சம்பளமாக இருப்பது மடுவத்தில் எடைச் சம்பளமாக மாறிவிடுகிறது.

இந்த மாற்றத்தின் மையத்தில் நிற்பது தராசு. கொழுந்தைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிறுப்பவரும் எழுதுபவரும் பெரும்பாலும் ஆண்கள். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை நிறுவை நடக்கும். கூடையின் எடைக்கென்றும், சாக்கின் எடைக்கென்றும், இலையில் படிந்த மழைநீருக்கென்றும், முற்றல் இலைக்கென்றும் கழிவுகள் உண்டு. எஞ்சிய தொகையே செக்ரோலில் ஏறும். மலையகத்தில் செய்தி சேகரிக்கச் சென்ற எந்தப் பத்திரிகையாளனும் கேட்டிருக்கக்கூடிய முறைப்பாடு ஒன்று உண்டு: "முள்ளு ஒன்னு காட்டுது, துண்டு ஒன்னு காட்டுது." அந்தக் காலத்தில் இறாத்தலில் சொன்னார்கள், பின்னர் கிலோவில் சொன்னார்கள். முறைப்பாடு மாறவில்லை.

தொழிற்சங்க வரலாற்றிலும் இதன் நிழல் உண்டு. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்திலிருந்து, 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் வரை சம்பளமும் மரியாதையும் பிரிக்க முடியாத கோரிக்கைகளாகவே இருந்தன. கூடையைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அவ்விரண்டும் சந்திக்கும் இடம் தராசடி.

சுருள்வில்லின் காலம்

தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கியது விற்றராசு. சுருள்வில் ஒன்றின் நுனியில் கொக்கி. சுமை கூடக் கூட வில் நீளும், முள் நகரும். இங்கிலாந்தில் சோல்டர் குடும்பத்தினர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய தராசுகளைச் செய்யத் தொடங்கினர். பின்னர் அவர்களுடைய பெயரே விற்றராசுக்கு அடையாளமாக உலகெங்கும் பரவிற்று.

விற்றராசு எளிமையானது, மலிவானது, தோளில் தூக்கிச் செல்லத்தக்கது. ஆனால் அதற்குள் மூன்று குறைகள் இருந்தன. நாட்பட வில் தளரும். தொங்கும் கூடை ஆடும்போது முள்ளும் ஆடும். எந்தக் கணத்தில் வாசிப்பது என்பது வாசிப்பவர் கையில். மூன்றாவது குறை பலரும் அறியாதது. விற்றராசு உண்மையில் அளப்பது பொருளின் திணிவை அன்று. புவி அதை இழுக்கும் விசையை. அந்த விசை உலகெங்கும் ஒன்றன்று. துருவங்களுக்கு அருகில் கூடுதலாகவும் நடுக்கோட்டுக்கு அருகில் குறைவாகவும் இருக்கும். இலண்டனில் சரிபார்த்த விற்றராசு ஒன்றை மறுபடி சரிசெய்யாமல் ஊவா மலையில் தொங்கவிட்டால், 20 கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 70 கிராம் குறைத்துக் காட்டும். இருபுறமும் தட்டு வைத்த பழைய துலாக்கோலுக்கு இந்தக் குறை கிடையாது. ஏனெனில் அங்கே கொழுந்தையும் படிக்கல்லையும் ஒரே புவியே இழுக்கிறது.

மெல்லிய கம்பியின் வருகை

1938இல் அமெரிக்காவில் இருவர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே கருத்தைக் கண்டடைந்தனர். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கல்லூரியில் எட்வர்ட் சிம்மன்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ். மெல்லிய கம்பியொன்றை உலோகத் துண்டின் மேல் ஒட்டிவிட வேண்டும். உலோகம் சுமையால் இழுபடும்போது கம்பியும் இழுபடும். அதன் மின்தடை இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் சுமை தெரியும். விகாரமானி என்று நாம் பாடநூலில் படிப்பது இதுவே.

இத்தகைய நான்கு மானிகளைப் பாலமாக இணைப்பார்கள். அந்தப் பாலச்சுற்று இன்னும் பழையது. 1833இல் சாமுவேல் கிறிஸ்டி அதனை விவரித்தார். 1843இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் அதனைப் பிரபலப்படுத்தினார். பெயர் வீட்ஸ்டனுக்கே நிலைத்துவிட்டது. இன்று மளிகைக் கடை மேசையில் இருக்கும் இலத்திரனியல் தராசு, துறைமுகத்தில் லொறியை நிறுக்கும் மேடை, பல தோட்டங்களில் விற்றராசின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இலக்கத் தராசு ஆகிய பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது இந்தப் பாலம்தான்.

ஆனால் பாலம் தரும் குறிப்பு மிகமிகச் சிறியது. 50 கிலோ தாங்கும் சாதாரணச் சுமைமானியொன்றுக்கு 5 வோல்ற்று கொடுத்தால், முழுச் சுமையில் அது திருப்பித் தருவது 10 மில்லிவோல்ற்று. அதாவது 10 கிராம் கொழுந்துக்கு 2 மைக்ரோவோல்ற்று. சுவர்க்கடிகாரத்தில் போடும் பற்றரியின் மின்னழுத்தத்தில் ஏழரை இலட்சத்தில் ஒரு பங்கு. தாமிரக் கம்பி ஈயப்பற்றைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருந்தாலே அதே அளவு மின்னழுத்தம் பொய்யாகப் பிறந்துவிடும். மலைப்பனியின் ஈரம் மின்சுற்றுப் பலகையில் படிந்தால் அங்கேயும் கசிவு.

இந்தச் சிற்றொலியைக் கேட்டு, பெரிதாக்கி, பொய்யைக் களைந்து, இலக்கமாக மாற்றுவதே அனலொக் மின்சுற்றுக் கலை. இயற்கையின் தொடர்ச்சியான குறிப்பும் இலக்கமும் ஒரே சிப்பில் சந்திக்கும்போது அதனைக் கலப்புக்குறிப்புச் சுற்று என்கிறார்கள்.

நடுவில் நின்ற மனிதர்கள்

1952-53 காலத்தில் ஃபில்பிரிக் நிறுவனம் வெற்றிடக் குழாய்களால் ஆன செயற்பாட்டு விரியலாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960களின் நடுப்பகுதியில் பொப் விட்லர் அதையே நகக்கண்ணளவு சிலிக்கனுக்குள் அடக்கினார். விலை சரிந்தது. எவரும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. வாங்கியவர்களுக்கு அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

அங்கேதான் ஒரு புதிய தொழில் பிறந்தது: பிரயோகப் பொறியியலாளர். சிப்பை வடிவமைப்பவர் ஒருவர். அதைக் கொண்டு தராசோ மருத்துவக் கருவியோ செய்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் நிற்பவரே பிரயோகப் பொறியியலாளர். புதிய சிப்பைத் தம் மேசையில் வைத்து, சுற்றுக்கட்டி, சோதித்து, எங்கே தவறும் என்று கண்டுபிடித்து, மற்றவர்கள் பின்பற்றத்தக்க குறிப்பாக எழுதித் தருவார். தவித்துப்போய்த் தொலைபேசியில் அழைப்பவருக்குப் பதில் சொல்வார். அவருடைய பெயர் எந்தக் கருவியின் மேலும் பொறிக்கப்படுவதில்லை.

இத்தொழிலின் மிகப் பெரிய பெயர் ஜிம் வில்லியம்ஸ். 1948இல் டெட்ரொயிட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கத் தொடங்கி, பட்டம் பெறாமலே வெளியேறியவர். 1968 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் எம்.ஐ.டி.யில் பணியாற்றினார். போசாக்கு ஆய்வாளர்களுக்கு அளவைக் கருவிகள் செய்து கொடுப்பது அவருடைய வேலை. மனித உடலின் எடையை மிக நுட்பமாக அளக்கும் தராசு ஒன்றை அங்கே வடிவமைத்ததைப் பின்னாளில் தம் எழுத்துகளில் விவரித்தார். 1979இல் நஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்திலும், 1982இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்திலும் சேர்ந்தார். இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

அவர் எழுதிய பிரயோகக் குறிப்புகளும் கட்டுரைகளும் 350க்கு மேல். 1990இல் வெளிவந்த ஒரு குறிப்பு முழுவதும் பாலச்சுற்றுகளைப் பற்றியது. அதில் சுமைமானி, அமுக்கமானி, வெப்பமானி ஆகியவற்றின் மெல்லிய குறிப்பை நம்பகமாக எடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொன்னார். இவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை. தராசு செய்கிற சிறு நிறுவனங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவற்றைப் படித்துப் பின்பற்ற முடிந்தது. 'கலையும் விஞ்ஞானமும் ஆளுமைகளும்' என்ற உபதலைப்பில் அனலொக் வடிவமைப்பாளர்களின் கட்டுரைகளைத் தொகுத்து 1991இல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அவருக்கு இணையாகச் சொல்லப்பட்ட மற்றொருவர் பொப் பீஸ். ஃபில்பிரிக்கில் தொடங்கி, 1976 முதல் 2009 வரை நஷனல் செமிகண்டக்டரில் இருந்தார். 1990 முதல் ஒரு சஞ்சிகையில் பத்தி எழுதி, பழுதுபார்க்கும் கலையைப் பொறியியலாளர் தலைமுறையொன்றுக்குக் கற்பித்தார். 2011 ஜூன் 12இல் வில்லியம்ஸ் பக்கவாதத்தால் இறந்தார். ஜூன் 18இல் அவருடைய நினைவுக்கூட்டத்திற்குச் சென்று திரும்புகையில் கார் விபத்தில் பீஸ் இறந்தார். ஒரே வாரத்தில் அந்தத் துறை தன் இரு ஆசான்களையும் இழந்தது. அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் வில்லியம்ஸின் வேலைமேசையை, அதன் மேல் குவிந்து கிடந்த கம்பிகளும் கருவிகளும் கலையாதபடி, மக்கள் பார்வைக்கு வைத்தது.

சென்னையிலும் பெங்களூரிலும்

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான பகுதியும் இக்கதையில் உண்டு. 1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் வடிவமைப்பு நிலையமொன்றைத் திறந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே குவிவதற்கு முன்னோடியாக அமைந்தது அதுவே. அதற்குத் தேவைப்பட்ட அனலொக் பொறியியலாளர்கள் உருவான இடங்களுள் முதன்மையானது சென்னை ஐ.ஐ.டி. அங்கே பல்லாண்டுகள் அனலொக் சுற்றுகளைக் கற்பித்தவர் பேராசிரியர் கே. ராதாகிருஷ்ண ராவ். பின்னர் அவரே டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் இந்திய நிலையத்திலும் பணியாற்றினார். 2003இல் ஐ.ஐ.டி.க்கள் இணைந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் கீழ் அவருடைய விரிவுரைகள் ஒளிப்பதிவாகின. இணைய வசதியுள்ள எவரும் அவற்றை இலவசமாகக் கேட்கலாம்.

இலத்திரனியல் தராசின் இன்றைய இதயம் டெல்ட்டா-சிக்மா மாற்றி. 1962இல் தோக்கியோவில் இனோசே, யசுதா ஆகியோரின் ஆய்வு அதற்கு அந்தப் பெயரையும் உருவத்தையும் தந்தது. 'கூட', 'குறைய' என்ற இரண்டே பதில்களை மிக வேகமாகத் தந்து, அவற்றின் சராசரியிலிருந்து அளவைக் கண்டறிவது அதன் சூட்சுமம். நிறுவை இறுதியில் நிதானமான சராசரியாக வருவதால், கூடையின் ஆட்டத்தையும் மின்சாரத்தின் இரைச்சலையும் அடக்குவது எளிதாகிறது. இத்துறையின் அடிப்படைப் பாடநூலின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பை எழுதிய மூவருள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் சாந்தி பவன். மற்ற இருவர் ரிச்சர்ட் ஷ்ரையர், காபோர் டெமெஸ்.

இன்று 24 பிட் மாற்றி சிப் சீனாவிலிருந்து மிக மலிவாக வருகிறது. 24 பிட் என்றால் அளவுகோலில் ஒரு கோடியே 67 இலட்சம் கோடுகள். இரைச்சலைக் கழித்தால் அவற்றில் நம்பத்தக்கவை மிகக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் கொழுந்து நிறுக்க அது தாராளமாகப் போதும்.

மூன்று கணக்குகள்

இனி மடுவத்திற்குத் திரும்புவோம். ஒரு பெண் ஆண்டில் 300 நாள் வேலை செய்கிறாள், நாளொன்றுக்கு 20 கிலோ பறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்கணக்கு: இலத்திரனியல் தராசு ஒவ்வொரு நாளும் 10 கிராம் தவறுகிறது, அதுவும் எப்போதும் அவளுக்கு எதிராகவே தவறுகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 3 கிலோ இழப்பு.

இரண்டாம் கணக்கு: இலண்டனில் சரிபார்த்துவிட்டு இங்கே திருத்தாத பழைய விற்றராசு. நாளுக்கு 70 கிராம். ஆண்டுக்கு 21 கிலோ.

மூன்றாம் கணக்கு: சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நாளுக்கு 2 கிலோ கண்மதிப்பாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 600 கிலோ.

பொறியியல் ஒரு நூற்றாண்டு முயன்று இரண்டாம் கணக்கை முதற்கணக்காக்கியது. அது பெரும் சாதனை. மூன்றாம் கணக்கை அது தொடவேயில்லை. தொடவும் முடியாது. ஏனெனில் அந்த 2 கிலோ தராசுக்குள் தொலையவில்லை. இலக்கத் திரைக்கும் செக்ரோலுக்கும் இடையிலுள்ள இரண்டு அடித் தூரத்தில் தொலைகிறது.

கழிவு முழுவதும் அநியாயம் என்று வாதிட நான் வரவில்லை. நனைந்த கொழுந்தில் நீர் இருப்பது மெய். சாக்குக்கு எடை உண்டு என்பதும் மெய். கொழுந்து வாடும்போது ஈரம் போய்விடும். தொழிற்சாலைக்கு நீரினால் ஆதாயமில்லை. ஆனால் 10 கிராமையும் கண்டுபிடிக்கும் கருவி தொங்கும் அதே இடத்தில் சாக்கின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவது ஏன் என்பதே கேள்வி. வெறும் சாக்கை அதே கொக்கியில் மாட்டினால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். எந்த இலக்கத் தராசிலும் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. கடையில் சீனி நிறுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிக்க வியாபாரி அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான்.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. விற்றராசின் முகம் பெரியது. வரிசையில் நின்ற பெண் அண்ணாந்து முள்ளைப் பார்க்க முடிந்தது. எழுத்தறியாத மூதாட்டிக்கும் முள் நின்ற இடம் தெரியும். இலக்கத் திரை சிறியது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பவருக்கே தெரியும். நுட்பம் கூடியபோது, சில இடங்களில், காட்சி குறைந்தது.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கியபோது, மகிழ்ச்சி அடங்குமுன்பே பறிக்க வேண்டிய கிலோ அளவு பற்றிய சர்ச்சை எழுந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சம்பளம் கொழும்பில் ரூபாவில் நிர்ணயமாகிறது. மலையில் கிலோவில் வழங்கப்படுகிறது. ஆகவே ரூபாவைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு ஒப்பந்தமும் கிலோவைப் பற்றியும் பேச வேண்டும். யார் நிறுப்பது, யார் பார்ப்பது, கழிவை எப்படி அளப்பது என்பன அதில் எழுத்தில் வர வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதன் கீழ் இயங்கும் திணைக்களமும் இருக்கிறது. மொத்த எடை, கழிவு, நிகர எடை ஆகிய மூன்றையும் தனித்தனியே அச்சிட்டுத் தரும் தராசு எங்கும் வாங்கக் கிடைக்கிறது. தொழில்நுட்பம் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

மலையிலிருந்து ஒரு பொறியியலாளர்

இறுதியாக ஒன்று. பிரயோகப் பொறியியலாளர் என்பவர் கருவியை அறிந்தவராக மட்டும் இருந்தால் போதாது. அது பயன்படும் இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். வில்லியம்ஸ் நல்ல தராசு செய்தது போசாக்கு ஆய்வாளர்களுக்கு மத்தியில் இருந்து அவர்களுடைய தேவையைக் கண்டதால். கொழுந்து மடுவத்தின் தேவையை அறிந்தவர்கள் லயத்துப் பிள்ளைகள். அவர்களிடமிருந்து அத்தகைய பொறியியலாளர்கள் போதிய அளவில் வராததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1945இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வி தோட்டங்களின் வாசலில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதன் பின்னரும் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்கும் வசதி நகரங்களை அண்டிய சில பாடசாலைகளுக்குள்ளேயே பெரிதும் அடங்கிக் கிடந்தது.

ஆயினும் இன்றைய நிலை முன்னைய நிலையன்று. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. ராதாகிருஷ்ண ராவின் விரிவுரைகளும் வில்லியம்ஸின் குறிப்புகளும் கைப்பேசியில் கிடைக்கின்றன. ஒரு சுமைமானியும் ஒரு மாற்றி சிப்பும் வாங்கப் பெருந்தொகை தேவையில்லை. மடுல்சீமையின் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கொண்டு தராசு ஒன்றைக் கட்டி, வெறும் சாக்கையும் நனைந்த சாக்கையும் மழைநாளில் பறித்த கொழுந்தையும் நிறுத்து அட்டவணையாக எழுதட்டும். அந்த அட்டவணை விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு பெறலாம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசை மீது வைக்கத்தக்க ஆவணமாகவும் அது இருக்கும்.